ஒலிப்பதிவும் ஒரு கலையே



ஒரு பாட்டு நம் மனத்தைக் கவர்ந்துவிட்டால் அதைப் பாடியவர் யார் என்று கேட்கிறோம். இசையமைத்தவர் யார் என்று கேட்கிறோம். மொழியில் ஆர்வம் உடையவராயின் அதை எழுதிய கவிஞர் யார் என்றும் விசாரிக்கிறோம். அந்தப் பாட்டை ஒலிப்பதிவு செய்தவர் யார் என்று கேட்பவரை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். பாடியதை அப்படியே பிடித்து வைப்பதுதானே ஒலிப்பதிவு, அதில் கலைக்கு இடம் ஏது என்பது பொதுவான எண்ணம். அந்த எண்ணம் பொருந்தாது என்பதை எடுத்துக்காட்டுவதே இந்தப் பேச்சின் நோக்கம். இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் நாம் கேட்கும் பாட்டு, என்றோ ஒரு நாள் பாடப்பட்ட பாட்டின் நகல் அன்று. பலருடைய செவியும் கையும் கூடிச் செய்த தனிப்படைப்பு அது. அதைச் செய்வதற்குப் பயிற்சி வேண்டியிருப்பதுபோலவே, அதைச் செம்மையாகக் கேட்பதற்கும் பயிற்சி வேண்டும்.

தேனி மாவட்டத்து மாணவர்களுக்கு இந்தப் பொருள் அயலானதன்று. பண்ணைப்புரத்தில் 1943-இல் பிறந்த இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் கம்பத்திலும் தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும் அவை ஒலிக்காத நாள் இல்லை. ஆகவே அப்பாடல்களையே பின்னர்ச் சான்றாக எடுத்துக்கொள்வோம். முதலில் ஒலிப்பதிவு என்னும் தொழிலின் அடிப்படைகள் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு கச்சேரியில் அமர்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் நடுவில் இருக்கிறார். வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். மிருதங்க வித்துவானின் விரல்களை நம் கண்கள் காணும்போது, நம் செவிகளும் அந்த ஒலியையே நாடுகின்றன. கண் காட்டும் வழியில் காது செல்கிறது. இசைத்தட்டிலோ கண்ணுக்கு வேலை இல்லை. எந்த ஒலி முன்னே நிற்க வேண்டும், எது பின்னே நிற்க வேண்டும், எது எப்போது தலைகாட்டி எப்போது விலக வேண்டும் என்பவற்றையெல்லாம் ஒலியைக் கொண்டே உணர்த்தியாக வேண்டும். கண் செய்துவந்த வேலையையும் சேர்த்துச் செவிக்கே உணர்த்துவதுதான் ஒலிப்பதிவாளரின் கடமை.

இந்தச் சிந்தனை நமக்குப் புதியதன்று. கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், கூடலூருக்கு மேலே மலை உச்சியில், கண்ணகி கோயில் இருக்கிறது. சித்திரை முழுநிலவு நாளில் அங்கே மக்கள் மலையேறிச் செல்வதை நீங்கள் அறிவீர்கள். அந்தக் கண்ணகியின் வரலாற்றைப் பாடிய இளங்கோவடிகள், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலைச் சொல்வதற்கு முன்னால், ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டு எழுதும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலூதுவோன், யாழ் வாசிப்போன் ஆகிய ஒவ்வொருவருடைய தகுதியையும் தனித்தனியே விரித்துரைக்கிறார். அரங்கின் அளவைக்கூட விடவில்லை: அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். எல்லாவற்றிலும் வியப்பானது, விளக்கு வைக்கும் முறை பற்றி அவர் சொல்வது. தூண்களின் நிழல் ஆடுகளத்தின்மேல் விழாதபடி விளக்குகளை அமைத்தார்களாம். ஆடுபவள் எத்துணைத் திறமையுடையவளாயினும், தூணின் நிழல் அவள்மேல் விழுந்தால் ஆடல் கெடும். இந்த நிழலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒலிக்கும் நிழல் உண்டு என்பதைச் சற்று நேரத்தில் காண்போம்.

பழைய ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒலிவாங்கிகள் மிகச் சில. சில வேளைகளில் ஒன்றே ஒன்று. அதன் முன்னே பாடகரும் எல்லாக் கருவியாளரும் கூடி நின்று ஒரே மூச்சில் பாட்டை முடிக்க வேண்டும். எந்த ஒலி மிகுந்து கேட்க வேண்டும், எது குறைந்து கேட்க வேண்டும் என்பதை அவர்கள் எவ்வாறு முடிவு செய்தார்கள்? நிற்கும் இடத்தைக் கொண்டே முடிவு செய்தார்கள். திறந்த வெளியில் தொலைவு இரண்டு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். கூடத்துக்குள் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும் அடிப்படை அதுவே. நாதசுரம் போன்ற ஓங்கிய கருவியைத் தொலைவில் நிறுத்தி, வீணை போன்ற மெல்லிய கருவியை அருகில் அமர்த்தினால் இரண்டும் ஒத்து நிற்கும். இன்று ‘மிக்ஸிங்’ என்று வழங்கும் ஒலிக்கலவையை அன்று நாற்காலிகளை நகர்த்தியே செய்தார்கள் எனலாம். அரக்கினாற் செய்த 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்றரை நிமிடமே அடங்கும். அந்த நேரத்துக்குள் ஒருவர் தவறினாலும் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழைய பாடல்களில் நாம் உணரும் ஒருமைப்பாட்டுக்கு இந்தக் கட்டாயமும் ஒரு காரணம்.

அடுத்து, இடத்தின் ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் பள்ளத்தாக்கே இதற்கு நல்ல ஆய்வுக்கூடம். மேகமலையின் அடிவாரத்தில் ஒரு பெரும்பாறைக்கு 340 மீட்டர் தொலைவில் நின்று உரக்கக் கூவினால், உங்கள் குரல் ஏறத்தாழ 2 நொடி கழித்துத் திரும்பி வரும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது அன்றோ? பாறை அருகே வர வர இடைவெளி குறையும். ஏறத்தாழ 17 மீட்டருக்கும் குறைந்த தொலைவிலிருந்து திரும்பும் ஒலியைக் காது தனியாகப் பிரித்து உணர்வதில்லை. முதல் ஒலியோடு சேர்ந்து அது முழக்கமாக நீடிக்கிறது. அதையே எதிர்முழக்கம் என்கிறோம். கோயில் மண்டபத்தில் தேவாரம் பாடினால் குரலுக்கு ஒரு கம்பீரம் வருவதும், வைக்கோற்போரின் அருகில் பாடினால் அதே குரல் வறண்டு ஒலிப்பதும் இதனாலேயே.

ஒலிப்பதிவாளர்கள் இந்த இயல்பைக் கருவியாக்கிக்கொண்டார்கள். வெறுஞ்சுவர்களை உடைய ஓர் அறையில் ஒருபுறம் ஒலிபெருக்கியையும் மறுபுறம் ஒலிவாங்கியையும் வைத்து, பாடகரின் குரலை அந்த அறைக்குள் அனுப்பி, முழக்கத்தோடு திரும்பப் பெற்று, மூலக்குரலோடு வேண்டிய அளவு கலந்தார்கள். முழக்கம் குறைந்தால் பாடுபவர் நம் தோளருகே நிற்பதுபோல் தோன்றும்; மிகுந்தால் மலைக்கு அப்பாலிருந்து பாடுவதுபோல் தோன்றும். திரைப்படத்தில் தோழியரின் குழுப்பாடல் தொலைவிலிருந்து வருவதுபோல் கேட்டால், அவர்கள் உண்மையில் தொலைவில் நின்றார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. தொலைவு என்பதே அங்கே செய்யப்பட்ட பொருள்.

பின்னர் ஒலிநாடா வந்தது. நாடாவின் அகலத்தைப் பல தடங்களாகப் பிரித்து, ஒவ்வொரு தடத்திலும் வேறு வேறு ஒலிகளை வேறு வேறு நேரத்தில் பதியலாம் என்ற நிலை ஏற்பட்டது. மேனாட்டு மெல்லிசை இதனால் பெரிதும் மாறியது. பீட்டில்ஸ் குழுவினர் 1967-இல் வெளியிட்ட ‘சார்ஜண்ட் பெப்பர்’ என்னும் இசைத்தட்டு நான்கு தட நாடாக்களிலேயே உருவானது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கும் நான்கு தடங்களை நிரப்பி, அவற்றைக் கலந்து குறைந்த தடங்களில் அடக்கி, மிஞ்சிய தடங்களில் மேலும் சேர்த்தனர். ஒருமுறை கலந்ததைப் பின்னர் எளிதில் பிரிக்க முடியாது. ஆகவே பாதி வழியிலேயே முழு உருவத்தையும் மனத்தால் கேட்கவல்லவர்களாக அவர்கள் இருக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்திய ஆண்டில் அமெரிக்கரான பிரையன் வில்சன் உருவாக்கிய ‘பெட் சவுண்ட்ஸ்’ ஒற்றை ஒலிவழியில் கலக்கப்பட்டது. அவருக்கு ஒரு செவி அநேகமாகக் கேளாதிருந்தது. இடம், வலம் என்ற பிரிவு இல்லாமலே, முன்பின் என்ற ஆழத்தைக் கொண்டே அத்தனை கருவிகளுக்கும் இடமளிக்கலாம் என்பதற்கு அது சான்று.

இடம் வலம் பிரிந்து ஒலிக்கும் ஸ்டீரியோ முறைக்கு ஆலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1931-லேயே காப்புரிமை கோரினார். தமிழ்த் திரைப் பாடல்களில் அம்முறையைக் கையாண்ட முதற் சிலவற்றுள் ஒன்று 1978-இல் வெளிவந்த ‘பிரியா’. அதற்கு இசையமைத்தவர் இளையராஜா.

இப்போது நம் பள்ளத்தாக்கின் இசையாளரிடம் வருவோம். அவருடைய முதற்படமான ‘அன்னக்கிளி’ 1976-இல் வெளிவந்தபோது, அதில் ‘மண்வாசனை’ வீசுகிறது என்று எல்லாரும் பாராட்டினார்கள். இன்றும் அந்தச் சொல்லே அவரைப் பற்றி முதலில் சொல்லப்படுகிறது. அன்பினாற் சொல்லப்படுவது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்தப் பாராட்டில் ஒரு குறைபாடு உண்டு. மண்ணின் மணம் மழை பெய்தால் தானே எழுவது. அதற்கு எவரும் உழைக்க வேண்டியதில்லை. இளையராஜாவின் இசையோ அவ்வாறு தானே எழுந்ததன்று. அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்த அவர், 1960-களின் இறுதியில் சென்னை சென்றார், தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையையும் அதனைக் குறிப்பாக எழுதும் முறையையும் கற்றார், ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து திரைத்தொழிலின் நுட்பங்களைப் பயின்றார். நாற்று நடுவோரின் மெட்டு எத்துணை இனிமையாயினும், வயல்வெளியில் பாடும்போது அதற்கு வயலின் கூட்டமோ பேஸ் கிதாரோ துணையில்லை. அந்த மெட்டை இசைத்தட்டில் வைத்து, அதன் அடியிலும் பக்கத்திலும் வேறு ஒலிகளை ஓடவிட்டும், மெட்டின் எளிமை கெடாமல் காப்பாற்றுவது கற்றவர்க்கே இயலும் வேலை. மண்வாசனை என்று மட்டும் சொல்லிவிட்டால், அந்தக் கல்வியும் உழைப்பும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. சிற்றூரில் பிறந்தவர்க்குப் பிறவிக்கொடை உண்டு, கல்வி வேறு எவர்க்கோ உரியது என்ற எண்ணம் இளைஞர் மனத்தில் படிந்துவிடவும் அது இடம் தருகிறது. அந்த எண்ணம் தவறு என்பதை மாணவர்கள் உறுதியாக உணர வேண்டும் என்பதனாலேயே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

முன்னே குறிப்பிட்ட தூணின் நிழல் இங்கேதான் பயன்படுகிறது. ஒரே அதிர்வெண் எல்லைக்குள் இரண்டு ஒலிகள் ஒரே நேரத்தில் எழுந்தால், வலிய ஒலி மெலிய ஒலியை மறைக்கும். பாடகியின் குரல் நிற்கும் அதே உயரத்தில் வயலின்களும் ஓங்கி ஒலித்தால் சொற்கள் கேளா. ஒலிக்கலவை செய்பவர் வயலினைத் தணிக்கலாம். ஆனால் தணித்தால் அது உயிரற்றுப் போகும். சிறந்த வழி, எழுதும்போதே நிழல் விழாமல் எழுதுவது. இளையராஜா ஒவ்வொரு கருவிக்கும் உரிய சுரங்களைத் தாளில் எழுதிக் கருவியாளரிடம் கொடுப்பவர். அவருடைய நல்ல பாடல்களில் குரல் ஓய்வெடுக்கும் இடத்தில் புல்லாங்குழல் பேசும். குரல் மேலே செல்லும்போது பேஸ் கிதார் கீழே வேறொரு நடையில் செல்லும். இவ்வாறு எழுதப்பட்ட பாட்டில் ஒலிக்கலவையின் பாதி தாளிலேயே முடிந்துவிடுகிறது. எஞ்சிய பாதியை ஒலிப்பதிவாளர் முடிக்கிறார். இருவரில் எவர் குறைந்தாலும் தூணின் நிழல் அரங்கில் விழுந்துவிடும்.

ஒரு சான்று காண்போம். 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில், எஸ். பி. பாலசுப்பிரமணியம் பாடிய நிலவுப் பாட்டு ஒன்று உண்டு. எழுதியவர் உங்கள் மாவட்டத்து வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து. கம்பிக் கிதார் ஒன்றின் விரல்நடையோடு அந்தப் பாட்டு தொடங்குகிறது. அந்தக் கிதார் எவ்வளவு அருகில் ஒலிக்கிறது என்று கவனியுங்கள். கம்பியில் நகம் படுவதைக்கூட உணர்வதுபோல் இருக்கும். பின்னர் குரல் வந்ததும் கிதார் முற்றும் மறைவதில்லை; அவையில் மூத்தவர் பேசத் தொடங்கியதும் இளையவர் ஒதுங்கி நிற்பதுபோல் நிற்கிறது. திருவிழாப் பந்தலின் கூம்பு ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டைப் பலமுறை கேட்டிருந்த நான், பின்னர் ஒரு நல்ல ஒலிபெருக்கியில் அதைக் கேட்டபோது, அடியில் பேஸ் கிதார் தனியே ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருப்பதைக் கண்டு வியந்தேன். பேஸ் கிதாரின் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. கூம்பு ஒலிபெருக்கிக்கும், இன்று நம் கையிலுள்ள கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கிக்கும் அந்தத் தாழ்ந்த ஒலியை எழுப்பும் ஆற்றல் இல்லை.

மற்றொரு சான்று, உங்கள் ஊர்களுக்கு வடக்கே உயர்ந்து நிற்கும் கொடைக்கானல் மலையில் நிகழும் கதையான ‘குணா’. 1991-இல் வந்த அந்தப் படத்தின் கடிதப் பாட்டு, 2024-இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ என்னும் மலையாளப் படத்தின் வாயிலாக உங்கள் தலைமுறையிடமும் வந்து சேர்ந்தது. அதில் கமல்ஹாசன் பேசுகிறார், பாடுகிறார், எஸ். ஜானகியும் அவ்வாறே. பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டுவது எளிதன்று. பேசும் குரல் பாடும் குரலைவிட மெலிந்தது. அதில் ஒரு சொல் தெளிவாகக் கேளாவிட்டாலும் கடிதம் பொருளிழந்துவிடும். ஆகவே பேச்சு நிகழும் இடங்களில் இசை தன்னை ஒடுக்கிக்கொள்கிறது. ஆனால் இசை நின்றுவிட்டது என்று நாம் உணர்வதில்லை. அடக்கமும் ஒரு கலைத்திறம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

இத்தகைய வேலையில் எத்தனை பேருக்குப் பங்கு உண்டு என்று எண்ணிப் பாருங்கள். வயலினில் வி. எஸ். நரசிம்மன், புல்லாங்குழலில் நெப்போலியன், விசைப்பலகையில் விஜி மேனுவல் போன்ற வல்லுநர்கள் இளையராஜாவின் இசைக்குழுவில் இருந்தார்கள். 1986-இல் வெளிவந்த ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத்தட்டில் நரசிம்மனின் வயலினைத் தனித்துக் கேட்கலாம். அதே ஆண்டில் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கணினி வழி இசைக்கோவையும் இடம்பெற்றது; மனிதக் கைகளோடு இயந்திரமும் வந்து அமர்ந்த காலம் அது. ஆயினும் திரைப்பாடல் இசைத்தட்டின் மேலுறையில் படம், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் ஆகிய பெயர்கள் இருக்கும். குழலூதியவர் பெயரும் ஒலிப்பதிவாளர் பெயரும் பெரும்பாலும் இரா. அரங்கேற்று காதையில் குழலோனுக்கும் தண்ணுமையோனுக்கும் தனித்தனியே இடமளித்த மொழி நம்முடையது. அந்த நெறியை இசைத்தட்டில் நாம் காக்கவில்லை.

இன்னும் ஒரு கவலையும் உண்டு. காந்த நாடா வெப்பத்தாலும் ஈரத்தாலும் நாளடைவில் கெடுவது. மூலநாடா கெட்டால், அல்லது காணாமற் போனால், வீடுகளில் எஞ்சியிருக்கும் இசைத்தட்டே அந்தப் பாட்டின் முதல் உருவத்துக்குச் சாட்சி ஆகிவிடும். பழைய பாடல்களை மறுபதிப்பாக வெளியிடும்போது மெல்லிய பகுதிகளையும் உயர்த்தி எல்லாவற்றையும் ஒரே உரப்பில் நிறுத்திவிடும் வழக்கமும் இருக்கிறது. கேட்டவுடன் அது பளிச்சென்று தோன்றும். ஆனால் மெலிவும் வலிவும் மாறி மாறி வருவதற்காகப் பாடுபட்டவர்களின் உழைப்பு அதில் அழிந்துபோகிறது. ஆகவே உங்கள் வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டுகள் இருந்தால், அவற்றை வெயிலும் வெப்பமும் படாத இடத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், நூல்களைப்போல் நிறுத்தி வையுங்கள்.

கேட்கும் பயிற்சிக்கு ஓர் எளிய வழி சொல்கிறேன். உங்களுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றை நல்ல காதொலிப்பானில் நான்கு முறை கேளுங்கள். முதல்முறை, குரலை விட்டுவிட்டுப் பேஸ் கிதாரை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை, தாளக் கருவிகளை மட்டும் கேளுங்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே என்ன மாறுகிறது என்று பாருங்கள். மூன்றாம் முறை, ஒவ்வோர் ஒலியும் அருகில் இருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். நான்காம் முறை எதையும் பிரிக்காமல் முழுமையாகக் கேளுங்கள். இலக்கணம் கற்றபின் செய்யுளின் இனிமை குறைவதில்லை அன்றோ? அதுபோல நான்காம் முறை கேட்கும் பாட்டு முதலில் கேட்டதைவிட விரிந்து தோன்றும். இயன்றால் அந்தப் படத்தின் பெயர்ப்பட்டியலில் ஒலிப்பதிவாளர் பெயரைத் தேடி ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

2025 மார்ச் 8 அன்று இளையராஜாவின் ‘வேலியண்ட்’ என்னும் சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது. பண்ணைப்புரத்துக்கும் அந்த அரங்குக்கும் இடையே உள்ள தொலைவைப் பலரும் வியந்து பேசினார்கள். எனக்கோ அந்த வழி நெடுகிலும் நிரம்பியிருக்கும் குறிப்புத் தாள்களும், ஒலிப்பதிவுக் கூடங்களில் மீண்டும் மீண்டும் வாசித்த கைகளும், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த செவிகளுமே நினைவுக்கு வருகின்றன. அவர்கள் கேட்ட கவனத்தில் ஒரு பங்கேனும் கொடுத்துக் கேட்பது நம் கடமை.